நஷ்டத்தில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட மூடிக் கம்பெனி

என் தங்கச்சி புருஷன் ஷாத்லி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தொழுகை தவறமாட்டான், எடையில் ஏமாற்றமாட்டான், பஸ்ஸில் கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி டிக்கெட் வாங்குவான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவன் வாயிலிருந்து உண்மை வந்து நான் கேட்டதில்லை. "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சாவு வீட்டு முகமாகிவிடும். "நஷ்டம்தான், அல்லாஹ்வுக்கே புகழ்" என்பான். இருபது வருடத்துக்கு மேல் நஷ்டத்தில் ஓடிக்கொண்டே நான்கு கொட்டகை கட்டிய மனிதனைத் துனிசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில்தான் பார்க்க முடியும்.

அவன் செய்தது மூடி. பாட்டில் மூடி. ஆலிவ் எண்ணெய்க்குப் பச்சை, வினிகருக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். பாட்டிலை வாங்குகிறவன் லேபிளைப் பார்ப்பான், உள்ளே இருப்பதைப் பார்ப்பான், மூடியைத் திருகித் தூர வைத்துவிடுவான். "யாரும் பாக்காத பொருளாப் பாத்து எடுத்தேன் மச்சான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். தொழிலைப் பற்றி அவன் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரே இடத்தில் இருந்தால் பெரிதாகத் தெரியும் என்று தொழிலைத் துண்டு போட்டு நான்கு கொட்டகைகளில் ஒளித்து வைத்திருந்தான். ஒன்று கரிக்கடைக்குப் பின்னால், ஒன்று சைக்கிள் கடைக்குப் பின்னால். மூன்றாவது அவன் சித்தப்பா மகன் வீட்டுக் கொல்லையில்; சந்தேகம் வராமலிருக்க வாசலில் ஒரு ஆடு. நான்காவது என் சலூனுக்குப் பின்னால். நான் நாவிதன், பெயர் புராவி. என் கடைக் கண்ணாடி மாட்டிய சுவர் பதினாறு வருடம் நடுங்கிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டால் "பக்கத்துல மாவு மில்லு" என்பேன். ஆடுகிற கண்ணாடியில் முகம் பார்த்துப் பழகியவர்கள் வேறு கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது என்று திரும்பி வருவார்கள். அந்தப் பின்பக்கம் காகிதத்தில் என் பெயரில் இருந்தது. அதாவது சட்டப்படி நானும் ஒரு தொழிலதிபர். என் மனைவியிடம் மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று ஊர் பேசியது. கஞ்சத்தனமும்தான், நான் மறுக்கவில்லை. ஸ்ஃபாக்ஸ்காரன் கஞ்சன் என்று நாடே கேலி செய்வது சும்மா இல்லை. ஆனால் மூலகாரணம் பிஸ்கட் ஸ்லாஹ். ஸ்லாஹ் எங்களோடு பள்ளியில் படித்தவன். பிஸ்கட் போட்டான், நன்றாக விற்றது, கூரை மேல் சிவப்பு விளக்கு எழுத்தில் தன் பெயரை வைத்தான். அடுத்த மாதமே தலைநகரிலிருந்து நல்ல கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து அவனைக் காபி குடிக்கக் கூப்பிட்டார்கள். அதிபர் அரண்மனையின் சம்பந்திகள் அனுப்பிய ஆட்கள். அந்தக் காலத்தில் எந்தத் தொழில் தலை தூக்கினாலும் அந்தக் குடும்பத்தில் ஒரு மச்சானோ மருமகனோ அதற்குப் பங்குதாரராகப் பிறந்துவிடுவான். காபி ஆறுவதற்குள் ஸ்லாஹ் தன் சொந்தக் கம்பெனியில் சம்பளக்காரனாகிவிட்டான். அடுத்த வருடம் சம்பளமும் நின்றது. அன்று காபிக்கடையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன் ஷாத்லி. காபிக்கு யார் காசு கொடுத்தது என்று நான் கேட்டபோது, "ஸ்லாஹ்தான்" என்றான். அதற்குப் பிறகு அவன் வீட்டுச் சுவருக்குக்கூட வெள்ளை அடிக்கவில்லை.

பிறகு ஒரு ஜனவரியில் அதிபர் விமானம் ஏறிப் போனார். சம்பந்திகள் கையில் கிடைத்த பெட்டியோடு ஓடினார்கள். தெருவெல்லாம் கொண்டாட்டம். நான் இரண்டு நாள் இலவசமாக முடி வெட்டினேன், மூன்றாம் நாள் புத்தி வந்தது. புகை அடங்கியதும் முதலீட்டாளர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஹோட்டல்களில் வாரம் ஒரு கருத்தரங்கு, கருத்தரங்குக்கு ஒரு துணிப்பை. "புதிய துனிசியா, புதிய வாய்ப்பு" என்று அச்சடித்த பைகளில் என் தங்கச்சி முஃபீதா சந்தையிலிருந்து வெங்காயம் வாங்கி வந்தாள். வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் கடற்கரையில் எண்பது மாடி எழுப்பப்போவதாகச் சொல்லி, அட்டையில் செய்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். பெட்டி இன்னும் ஹோட்டல் வராந்தாவில் இருக்கிறது. அவர்தான் இல்லை.

ஷாத்லிக்கு ஒரே மகள், ஒல்ஃபா. இத்தாலியில் பிளாஸ்டிக் இரசாயனம் படித்து இஞ்சினியரானவள். அப்பனின் உழைப்பும் இந்த மாமனின் நாக்கும் சேர்ந்த பிறவி. மான்ட்ரியாலில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்து, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தது. கனடா போகிற பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவார்கள், பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவருவார்கள், பிறகு தொலைபேசிக் குரலாகிவிடுவார்கள். அந்த நினைப்பிலேயே ஷாத்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"பாபா, எனக்கு இங்க இருக்கணும்னுதான் ஆசை. ஆனா ஆட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வேலை பாக்க மாட்டேன். நாலையும் ஒண்ணாக்கு. உன் பேர்ல ஒரு கம்பெனி, வாசல்ல ஒரு போர்டு. செய்வியா?"

"போர்டா?" ஷாத்லி தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"அவங்கதான் ஓடிட்டாங்களே. இன்னும் யாருக்குப் பயப்படறே?"

"ஆளுங்க ஓடிட்டாங்கம்மா. அவங்க கோட்டத் தைச்ச தையக்காரன் இங்கதானே இருக்கான். கோட்டு யாருக்கு வேணா தைப்பான்."

"இத்தாலிலேர்ந்து ஒரு அம்மா வராங்க, பேரு தொனாத்தெல்லா. இங்க நல்ல தொழிலாப் பாத்துப் பணம் போட ஒரு நிதி வச்சிருக்காங்க. நாலு கொட்டகையப் பத்தியும் சொல்லிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நம்மகிட்ட வராங்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம், கேட்டதுக்கு உண்மையாப் பதில் சொன்னாப் போதும்."

"பொண்ணு தங்கமா கேக்கறா, வைரமா கேக்கறா?" என்றாள் முஃபீதா. "வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசத்தானே சொல்றா."

"சரி" என்றான் ஷாத்லி. "சத்தியமாச் சொல்றேன். மறைக்க மாட்டேன்."

செவ்வாய் காலை அவன் சலூனுக்குள் நுழைந்தான். முஃபீதா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைக் காணோம். முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். பெஜோ காரை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். மூன்று நாள் தாடி.

"உக்காரு, சவரம் பண்ணிடறேன்" என்றேன்.

"வேணாம் மச்சான், இப்படியே இருக்கட்டும்."

"மாப்ள, அந்தம்மா பணம் குடுக்க வராங்க. எடுக்க வரல."

"தெரியுது. புத்திக்குத் தெரியுது." அவன் தன் கைகளைப் பார்த்தான். "காலைல எழுந்து நல்ல சட்டையத்தான் எடுத்தேன். இந்தக் கை அதக் கழட்டி வச்சுட்டு இத மாட்டிக்கிச்சு."

தொனாத்தெல்லா அம்மாளோடு துனிஸிலிருந்து ஸ்கந்தர் என்று ஒரு ஆலோசகன் வந்தான். இறுக்கமான டை, கையில் படிவம், வயது முப்பதுக்குள். ஒல்ஃபா மொழிபெயர்ப்பாளர். ஷாத்லி மூன்று கொட்டகைகளைப் பூட்டி, அதெல்லாம் எப்போதோ மூடிப்போயிற்று என்று சொல்லி, ஆட்டுக் கொட்டகைக்கு மட்டும் அவர்களைக் கூட்டிப்போனான். நானும் பின்னால் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தவுடன் தலையில் கைவைத்துக்கொண்டேன். வேலையாட்கள் ஒருவரும் இல்லை. எப்போதோ தூக்கிப் போட்ட கை இயந்திரம் ஒன்றை நடுவில் வைத்து, அதன் முன்னால் ஒரு கிழவரை உட்கார வைத்திருந்தான். அவர் இருமிக்கொண்டிருந்தார். இருமச் சொல்லியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

"மாசம் எத்தனை மூடி போடறீங்கன்னு கேக்கறாங்க, பாபா."

"கெடைச்சாப் போடறதுதான். ஆயிரம், ரெண்டாயிரம்."

ஒல்ஃபா உடனே மொழிபெயர்க்கவில்லை. "பாபா" என்றாள் மெதுவாக.

"லாபம் எப்படி, ஹாஜி?" என்று ஸ்கந்தர் கேட்டான்.

"நஷ்டம்தான், அல்லாஹ்வுக்கே புகழ்."

"அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ என்ன?"

"ஆட்டுக்கு வைக்கோல்."

அந்த வைக்கோல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டு லட்சம் தினார். அரைமணி நேரத்துக்கு முன்புதான் நிறுத்தியதால் தார்ப்பாய் வழியாகச் சூடு அடித்துக்கொண்டிருந்தது. ஆடு அதில் சாய்ந்து சுகமாகக் கண்ணை மூடியிருந்தது. தொனாத்தெல்லா அம்மாள் கைப்பையிலிருந்து ஹோட்டல் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் தட்டிக் காட்டினாள். இது உங்களுடையதுதானே என்று அவள் கேட்பது எனக்கே புரிந்தது. ஷாத்லி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, யாரோ" என்று திருப்பிக் கொடுத்தான்.

ஒல்ஃபா நினைத்திருந்தால் தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவியிருக்கலாம். அந்நியர்கள் முன்னால் அப்பனைப் பொய்யன் என்று காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அப்படியே மொழிபெயர்த்தாள். போகும்போது அந்த அம்மாள் கண்கலங்கி, இருமல் கிழவர் கையில் ஐம்பது யூரோவைத் திணித்தாள். அன்று அந்தத் தொழிலில் லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"மாசக் கடைசிவரைக்கும் இருக்கேன்" என்றாள் ஒல்ஃபா அப்பனிடம். "அதுவரைக்கும் உன்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

பேசவும் இல்லை. பத்து நாள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், உப்பு வேண்டுமென்றால் முஃபீதாவிடம் கேட்டார்கள். ஷாத்லி என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்காருவான், முடி வெட்டவும் விடமாட்டான், எழுந்து போகவும் மாட்டான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுக்கொண்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அதைவிடப் பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. வறிய நிலையிலுள்ள சிறுதொழில் முனைவோருக்கு மூன்று நாள் பயிற்சி, மதிய உணவும் பஸ் செலவும் தரப்படும், தொழில் தொடங்குவது எப்படி என்று கற்றுத்தரப்படும். ஸ்கந்தர் கையெழுத்து. ஆட்டுக் கொட்டகையைப் பார்த்த இரக்கத்தில், பின்னாலேயே வந்து நின்ற நாவிதன் என் பெயரையும் சேர்த்திருந்தான்.

"கிழிச்சுப் போடு" என்றேன்.

"போகலைன்னா ஏன் போகலைன்னு யோசிப்பாங்க" என்றான் ஷாத்லி. பிறகு கடிதத்தை இன்னொரு முறை படித்து, "மதியம் மீன் சூப்பாம்" என்றான்.

ஹோட்டல் மண்டபத்தில் இருபத்தைந்து ஏழைகள். ரொட்டி சுடுகிறவள், பழைய துணி விற்கிறவன், தெருமுனையில் ப்ரீக் பலகாரம் பொரிக்கிற ஹலீமா அம்மாள், நாங்கள் இருவர். ஒலிவாங்கியோடு அங்குமிங்கும் நடந்த ஸ்கந்தர் முதல் நாள் எங்களைக் கனவு காணச் சொன்னான். இரண்டாம் நாள் கனவைக் காகிதத்தில் வரையச் சொன்னான். நான் புது நாற்காலி வரைந்தேன். மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுக்கத் தொனாத்தெல்லா அம்மாளே வந்தாள், பக்கத்தில் ஒல்ஃபா. அப்பன் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திரையில் ஒரு தொழிற்சாலைப் படம் விழுந்தது.

"இது துருக்கி" என்றான் ஸ்கந்தர். "இவரும் நம்ம ஷாத்லி ஹாஜி மாதிரி மூடி போடறவர்தான். கொட்டகைலதான் ஆரம்பிச்சார். இன்னிக்கு மாசம் முப்பது லட்சம் மூடி. ஹாஜி, கொஞ்சம் கண்ண மூடுங்க. ஒருநாள் நீங்களும் இப்படி ஆனா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

ஷாத்லி கண்ணை மூடினான். தாடை இறுகுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"என்ன தெரியுது, ஹாஜி?"

"முப்பது லட்சம் வாரத்துக்கா, மாசத்துக்கா?"

"மாசத்துக்கு."

"அத நான் ஒரு வாரத்துல போடறேன்."

மண்டபம் சிரித்தது. ஸ்கந்தர் மட்டும் உருகிப்போனான். "பாத்தீங்களா? இதுதான் வேணும். இந்த நம்பிக்கை. எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். ஷாத்லி எழுந்து நின்றான். "நம்பிக்கை இல்ல தம்பி, எண்ணிக்கை. என்கிட்ட அம்பத்தஞ்சு பேர் வேலை பாக்கறாங்க."

நாற்பத்தொன்றுதானே, வேகத்தில் பதினாலைக் கூட்டிவிட்டானே என்று எனக்கே பட்டது.

"அப்ப எனக்கும் கடலோரமா ஒரு ஹோட்டல் இருக்கு, எழுதிக்கோங்க" என்றாள் ஹலீமா அம்மாள். பின்வரிசை மேஜையைத் தட்டிச் சிரித்தது.

ஷாத்லி மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். "இந்த மூடி என்னுது" என்றான். அடுத்த பாட்டிலையும் திறந்தான். "இதுவும் என்னுது. இந்த மண்டபத்துல இருக்கற மூடி எல்லாம் என்னுது."

"உக்காருங்க ஹாஜி" என்றான் ஸ்கந்தர், இறங்கிய குரலில். "காலைல மாத்திரை போட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை வருடம் கழித்து அந்த மனிதன் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறான், ஒருத்தர் நம்பவில்லை. அவ்வளவு நேர்த்தியாக ஏழையாக இருந்திருக்கிறான்.

"மச்சான், நீ சொல்லு" என்றான் என்னைப் பார்த்து.

நான் எழுந்து, "சத்தியமா உண்மை" என்றேன். "இவரு நேத்து நாற்காலி வரைஞ்சவருதானே" என்றான் பழைய துணிக்காரன். அவ்வளவுதான், என் சாட்சியமும் போயிற்று.

ஷாத்லியின் முகம் சிவந்தது. பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். "கீழ ஹோட்டல் பஸ்ஸு நிக்குதில்ல?" என்றான். "எல்லாரும் ஏறுங்க. சான்றிதழ் பொறவு வாங்கிக்கலாம்."

தொனாத்தெல்லா அம்மாள் என்ன நடக்கிறது என்று கேட்டாள். ஒல்ஃபா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறினாள்.

முதலில் ஆடு. தார்ப்பாய் போனதும் ஹலீமா அம்மாள் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு பட்டுக் கையை உதறினாள். அடுத்தது கரிக்கடை, அதற்கடுத்தது சைக்கிள் கடை. என் சலூனில் என் கையாள் ஒருவருக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரை போட்டிருந்தான். இருபத்தைந்து ஏழைகளும் ஒரு இத்தாலிக்காரியும் அவரைத் தாண்டி அலமாரிக்குப் பின்னால் இருந்த கதவில் நுழைந்து மறைவதை அவர் கண்ணாடியில் பார்த்தார். பதினாறு வருடத்து வாடிக்கையாளர். "மாவு மில்லுன்னீங்க" என்றார் என்னிடம். அவருக்கு அன்று நான் காசு வாங்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். ஷாத்லி டிரைவரிடம், "மஹ்தியா ரோட்டுக்கு விடு" என்றான்.

அங்கே அவனுக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஆலிவ் தோப்புக்குள் திரும்பி, பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டின் முன் நின்றது. மேல்தளம் இல்லை, துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. யாரோ பாவம், கையில் காசில்லாமல் விட்டுவிட்டான் என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் உச்சுக்கொட்டும் வீடு. நானும் உச்சுக்கொட்டியிருக்கிறேன். ஷாத்லி பின்பக்கம் போய் இரும்புக் கதவைத் தள்ளினான். உள்ளே வரிசையாக எட்டு இயந்திரங்கள். பதினாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கொட்டகையிலும் நான் கேட்காத பெருஞ்சத்தம். ஸ்கந்தர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

ஒல்ஃபா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது எப்பலேர்ந்து?"

"பன்னண்டு வருஷமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"எனக்கும் சொல்லல" என்றாள். அவள் குரல் உடைந்தது. "அவங்ககிட்ட மறைச்சே, சரி. என்கிட்டயுமா?"

ஷாத்லி இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி அவன் பேசியது அன்றுதான்.

"நீ ஸ்கூல்ல படிக்கறப்ப வாத்தியார் ஒருநாள், உங்கப்பா என்ன செய்யறாருன்னு கேட்டாரு. நீ நாலு கொட்டகையையும் எண்ணிச் சொல்லிட்டு வந்து என்கிட்ட சந்தோஷமாச் சொன்ன. ரெண்டு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல. வாசல்ல கார் நின்னா நெஞ்சு அடைக்கும். உன்ன நான் ஒரு வார்த்தை திட்டல. உனக்குப் பொய் வராதும்மா. எப்படிச் சொல்லுவேன்?"

அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே நடந்து, ஒரு தட்டிலிருந்து சூடான நீல மூடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இஞ்சினியர் இல்லையா, "ஓரத்துல பிசிறு இருக்கு" என்றாள். பிறகு அப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து இங்க நான் உக்காரப்போறேன். யாராச்சும் வந்து, வியாபாரம் எப்படின்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஷாத்லி வாசலைப் பார்த்தான், தோப்பைப் பார்த்தான், தார் ரோட்டில் ஏதாவது கார் வருகிறதா என்று பார்த்தான். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன பாபா?"

அவன் திரும்பி, எட்டு இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். ஒவ்வொன்றாக நின்றன. பிறகு சொன்னான்.

"லாபம்னு சொல்லு."